வாரண்டி போகாமல் ரூட் செய்ய முடியுமா? போன் காட்டும் அறிகுறியும் அதற்கான வழியும்

"ரூட் பண்ணணும், ஆனா வாரண்டி போகக்கூடாது." காட்பாடி ஹாஸ்டல் பையன்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் வரை, எல்லாரும் இந்த ஒரு நிபந்தனையோடுதான் போனை நீட்டுகிறார்கள். ரூட் என்றால் கம்பெனி பூட்டி வைத்திருக்கும் போனின் முழு அதிகாரத்தையும் நம் கைக்கு எடுப்பது. வாரண்டி போகாமல் அதைச் செய்ய முடியுமா என்பதற்குப் பதில் போனின் பிராண்டைப் பொறுத்தது. சில போன்களில் செய்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் பழையபடி பூட்டிவிடலாம். சிலவற்றில் ஒரு தடவை கை வைத்தால் அந்தத் தடம் போர்டு இருக்கும்வரை போகாது. இன்னும் சிலவற்றில் திறக்கவே விடமாட்டார்கள். ஆகவே என்ன கோளாறோடு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அடுத்துச் செய்யப்போவதைத் திருப்ப முடியுமா என்பதைத்தான். கீழே ஒவ்வொரு அறிகுறியோடும் அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். பூட்லோடர் என்பது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடி, எந்த மென்பொருளை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்காரன். அதைத் திறந்தாலே போனில் உள்ளதெல்லாம் அழியும். போட்டோ, வாட்ஸ்அப், எதுவும் மிஞ்சாது. திரும்பப் பூட்டும்போது இன்னொரு முறை அழியும். அப்புறம், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஃபிளாஷ் (போனில் மென்பொருளை எழுதுவது) போடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போன் நடுத்தெருவில் நிற்கும். சார்ஜ் நிறைந்த லேப்டாப்பும் பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள போனும் போதும். வேலூரில் அக்னி நட்சத்திர மதியம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மொட்டைமாடி ரூமில் பட்டப்பகலில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம், ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஓஇஎம் அன்லாக் பட்டனையே காணோம்"

செட்டிங்ஸில் அபவுட் போன் போய், பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதற்குள், பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் ஓஇஎம் அன்லாக்கிங் என்று ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலோ, மங்கிப்போய் தொட்டாலும் அசையாவிட்டாலோ, காரணம் பிராண்டுக்குப் பிராண்டு வேறு.

சாம்சங் என்றால், புது போனிலும் ரீசெட் செய்த போனிலும் இது ஒரு வாரம் ஒளிந்துகொள்வதுண்டு. சிம் போட்டு, கூகுள் கணக்கில் நுழைந்து, நெட்டோடு 7 நாள் ஓட விடுங்கள். தேதியை முன்னே தள்ளி ஏமாற்றும் தந்திரமெல்லாம் பழைய மாடல்களோடு போயிற்று. சாம்சங்கின் ஒன் யுஐ 8 மென்பொருள் வந்த பிறகு இந்தச் சுவிட்சே பல மாடல்களில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த அப்டேட் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் தேடுவதை நிறுத்திவிடலாம்.

பிக்சல் என்றால் எங்கே வாங்கியது என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்த பிக்சல், அங்கே வெரிசான் கம்பெனி விற்றதாக இருந்தால் அந்தச் சுவிட்ச் எந்தக் காலத்திலும் அசையாது. இங்கே வாங்கிய பிக்சலில் நெட் இணைத்தால் போதும்.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ போன்களில் சுவிட்ச் இருக்கும், ஆனால் அது போதாது. ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ் மென்பொருள் உள்ள போன்களில் ஷாவ்மி கம்யூனிட்டி ஆப்பில் விண்ணப்பிக்க வேண்டும். கணக்கு தொடங்கி 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று ஒரு அளவு உண்டு. அந்த அளவு புதுப்பிக்கப்படுவது பீஜிங்கில் நடுராத்திரி 12 மணிக்கு. நமக்கு அது ராத்திரி 9.30. "அளவு முடிந்தது, நாளை வாருங்கள்" என்று காலையில் வந்தால் போனில் பிழை இல்லை, தினமும் 9.30-க்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்த பிறகும், கம்ப்யூட்டரில் ஓடும் மி அன்லாக் கருவி இன்னும் இத்தனை மணி நேரம் காத்திரு என்று சொல்லும். சொன்னதைக் கேளுங்கள். நடுவில் போனை ரீசெட் செய்தாலோ, கணக்கிலிருந்து வெளியே வந்தாலோ எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

விவோ, ஐகூ, ஓப்போ வைத்திருப்பவர்களுக்கு இந்தியாவில் பொதுவாக அதிகாரப்பூர்வ வழி கிடையாது. ரியல்மியில் சில மாடல்களுக்கு மட்டும் டீப் டெஸ்டிங் என்ற ஆப் உண்டு. ஹுவாவே 2018-லேயே அன்லாக் கோடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. இந்த போன்களை "நான் திறந்து தரேன்" என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. பாக்ஸ் என்ற ரிப்பேர் கருவியை வைத்து, பின்பக்கத்தைப் பிரித்து, போர்டில் டெஸ்ட் பாயிண்டைக் குறுக்கே இணைத்துத் திறப்பார்கள். பின்மூடியைப் பிரித்த உடனே வாரண்டி போயிற்று. மென்பொருளைப் பற்றிப் பேச்சே வராது.

போனைப் பிரிக்காமல் சுவிட்சோடு நின்றால் வாரண்டிக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சுவிட்சை ஆன் செய்வது அனுமதி மட்டும்தான்.

"சாம்சங்கில் டவுன்லோட் மோடு ஏதோ சின்ன எழுத்தில் காட்டுது"

அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். போனை அணைத்து, இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தியபடியே கேபிளைச் செருகினால் மென்பொருள் ஏற்றுவதற்கான அந்தப் பச்சைநீலத் திரை வரும். உள்ளே போனதும் இடது மேல் மூலையில் எறும்பு ஊர்வது போல நாலைந்து வரி. அதில் நமக்கு வேண்டியவை மூன்று. ஓஇஎம் லாக் என்பதற்கு எதிரே ஆஃப் என்றால் பூட்லோடர் திறந்திருக்கிறது. கேஜி ஸ்டேட் என்பதற்கு எதிரே பிரீநார்மல் என்று இருந்தால் போன் இன்னும் ஒரு வாரக் காவலில் இருக்கிறது. அந்த நிலையில் வேறு ஃபைல் போட்டால் "அதிகாரப்பூர்வ ஃபைல் மட்டுமே அனுமதி" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். ஸ்டாக் ரோமை (கம்பெனி கொடுத்த அசல் மென்பொருள்) ஓடின் என்ற கம்ப்யூட்டர் கருவி வழியாகப் போட்டு, நெட்டோடு 7 நாள் விட்டால் அது தானாக விலகும்.

மூன்றாவது வரிதான் முக்கியம்: வாரண்டி வாய்டு. அதற்கு எதிரே 0 இருக்கிறதா, 1 இருக்கிறதா? சாம்சங்கின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கர்னலோ (மென்பொருளின் அடிப்பாகம்) ரிக்கவரியோ (பழுதுபார்க்கும் தனி மெனு) ஏறி போன் ஓடிய அந்தத் தடவையே 0 என்பது 1 ஆகிவிடும். நாக்ஸ் என்று சொல்லும் சாம்சங் பாதுகாப்பு இதுதான். சிப்புக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் எரிகிறது. வீட்டு ஃபியூஸில் கம்பி மாற்றலாம், இதில் மாற்ற முடியாது. ஸ்டாக் போட்டாலும் பூட்டினாலும் அது 1-ஆகவே இருக்கும். செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் வாலட்டில் பணம் கட்டுவதும் அதோடு சரி. "நாக்ஸை ரீசெட் பண்ணித் தரேன்" என்று யாராவது காசு கேட்டால், போர்டை மாற்றினால் ஒழிய அது நடக்காது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

ஆகவே சாம்சங்கில் வாரண்டி இருக்கும்போது ரூட் செய்ய வழி இல்லை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. பழைய சாம்சங் வாங்குபவர்களும் கடையிலேயே இந்தத் திரையைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. 1 என்று இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு பிடி.

"கம்ப்யூட்டர் போனைக் கண்டுக்கவே இல்ல"

பத்தில் பாதிக்கு மேல் கேபிள்தான். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா கம்பியே உள்ளே இருக்காது. வேறு கேபிள் போடுங்கள். போன் ஆன் ஆகியிருக்கும்போது ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) பார்க்கிறது, ஃபாஸ்ட்பூட்டில் (ஆண்ட்ராய்டு எழும் முன் கட்டளை வாங்கும் நிலை) மட்டும் பார்க்கவில்லை என்றால் விண்டோஸில் டிரைவர் தனியாகப் போட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'ஆண்ட்ராய்டு' என்று நிற்கும். ஏஎம்டி ரைசன் சிப் உள்ள லேப்டாப்பில் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஃபாஸ்ட்பூட் அடம்பிடிப்பது தெரிந்த கோளாறு. பழைய யூஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகிவிடும். வாரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"ஆன் பண்ணா ஆரஞ்சு எழுத்துல பயமுறுத்துது"

இது கோளாறே இல்லை. பூட்லோடர் திறந்திருக்கிறது, இந்த போனை நம்ப முடியாது என்று ஆண்ட்ராய்டு ஒவ்வொரு முறையும் சொல்லும். சில விநாடி நின்று தானாகப் போய்விடும். இதை மறைக்கச் சிலர் லோகோ ஃபைலை மாற்றுகிறார்கள். வேண்டாத வேலை. சர்வீஸ் சென்டர் ஆள் ஃபாஸ்ட்பூட்டில் போய் ஒரு வரி கேட்டாலே 'அன்லாக்டு: எஸ்' என்று வந்துவிடும், மறைத்ததும் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை சிவப்பில் வந்தால் அது வேறு. பூட்டின பூட்லோடரில் கையெழுத்து பொருந்தாத மென்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். கீழே பூட்டுவது பற்றிச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்.

"லோகோவிலேயே நிக்குது, உள்ளே போகமாட்டேங்குது"

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், பெரும்பாலும் எளிதாகத் தீர்வதும் இதுதான். போன் சாகவில்லை; எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

புது ரோம் போட்ட உடனே நிற்கிறது என்றால், பழைய டேட்டா உள்ளேயே கிடக்கிறது. பழைய ரோம் பூட்டி வைத்த டேட்டாவைப் புது ரோமால் திறக்க முடியவில்லை. ரிக்கவரியில் 'வைப்' மட்டும் செய்தால் போதாது, 'ஃபார்மட் டேட்டா' கொடுத்து, அது கேட்கும்போது 'எஸ்' என்று டைப் செய்ய வேண்டும். டிடபிள்யூஆர்பி ரிக்கவரி டேட்டாவை ஏற்ற முடியவில்லை என்று சிவப்பில் காட்டுவதும், தெரியாத பாஸ்வேர்டு கேட்பதும் இதே காரணத்தால்தான். லினியேஜ் என்ற கஸ்டம் ரோம் (கம்பெனி அல்லாதவர்கள் செய்த மென்பொருள்) போடுபவர்கள் கூகுள் ஆப்ஸ் பொட்டலத்தை ரோமோடு சேர்த்து, முதல் தடவை போனை ஆன் செய்யும் முன்பே போட்டுவிட வேண்டும். ஒரு தடவை உள்ளே போய் வந்தபின் போட்டால் ப்ளே சர்வீஸ் நின்றுவிட்டது என்று விடாமல் கத்தும். தீர்வு மறுபடி ஃபார்மட்தான். முதல் தடவை ஆன் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படலாம்.

ரூட் கொடுக்கும் கருவியான மேஜிஸ்க் போட்ட உடனே நிற்கிறது என்றால், அதற்காகப் பேட்ச் செய்த (திருத்திய) பூட் இமேஜ், அதாவது போனை எழுப்பும் ஃபைல், உங்கள் போனில் உள்ள பதிப்புக்கு உரியதாக இருக்காது. போனில் மே மாத அப்டேட், கையில் இருப்பது மார்ச் மாத இமேஜ்: நிற்கத்தான் செய்யும். உங்கள் பில்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஸ்டாக் ரோமைத் தேடி, அதிலிருந்து எடுத்த பேட்ச் செய்யாத பூட் இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் திரும்பப் போடுங்கள். டேட்டா அழியாமல் போன் எழுந்துவிடும். ஆண்ட்ராய்டு 13-ஓடு வெளிவந்த போன்களில் பேட்ச் செய்ய வேண்டியது பூட் இமேஜ் இல்லை, 'இனிட் பூட்' இமேஜ். பழைய வீடியோவைப் பார்த்து பூட் இமேஜைப் பேட்ச் செய்பவர்கள், ரூட்டும் கிடைக்காமல் போனும் எழாமல் நிற்பது இங்கேதான்.

நான் எப்போதும் சொல்வது ஒன்று: பேட்ச் செய்த இமேஜை உடனே ஃபிளாஷ் செய்யாமல், ஃபாஸ்ட்பூட் பூட் என்ற கட்டளையில் ஒரு தடவை மட்டும் ஏற்றிப் பாருங்கள். போன் அதை அனுமதிக்கிற மாடலாக இருந்தால், எழுந்தால் சரி. எழாவிட்டால் ஒரு ரீஸ்டார்ட்டில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, மேஜிஸ்க் மாட்யூல் (கூடுதல் வசதி) ஒன்று போட்டேன், அப்புறம் நிற்கிறது என்றால் சேஃப் மோடில் போனை ஆன் செய்யுங்கள். மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் அணைத்துவிடும். அடுத்து சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தாலும் அவை அணைந்தே இருக்கும். ஒவ்வொன்றாக எழுப்பி எது குற்றவாளி என்று பார்க்கலாம். லோகோ வருவதற்குள் ஃபாஸ்ட்பூட்டுக்கே திரும்பத் திரும்ப வந்து விழுகிறது என்றால் விபிமெட்டாவையும் (கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பகுதி), மென்பொருள் உட்காரும் ஏ, பி என்ற இரண்டு ஸ்லாட்டையும் பாருங்கள். ஒரு ஸ்லாட்டில் ரோமைப் போட்டுவிட்டு போன் வெறுமையான இன்னொரு ஸ்லாட்டிலிருந்து எழ முயற்சி செய்துகொண்டிருக்கும். செட் ஆக்டிவ் கட்டளையில் ஸ்லாட்டை மாற்றினால் பல சமயம் அத்தோடு முடிந்தது.

"சுத்தமா டெட். லைட்டும் இல்ல, வைப்ரேஷனும் இல்ல"

முதலில் பவர் பட்டனையும் வால்யூம் டவுனையும் சேர்த்து அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் நல்ல சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். லூப்பில் ஓடி ஓடி பேட்டரி தீர்ந்த போனும் டெட் போலவேதான் இருக்கும்.

அதற்கும் எழாவிட்டால் கம்ப்யூட்டரில் செருகி டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். குவால்காம் 9008 என்று ஒரு போர்ட் தெரிந்தால் போன் இடிஎல் என்ற அவசர நிலையில் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பழைய ஒன்பிளஸ் மாடல்களுக்கு எம்எஸ்எம் கருவி இருக்கிறது, அதில் முழு ஸ்டாக்கும் போட்டு எழுப்பலாம். ஷாவ்மியில் அந்த வழிக்கு அவர்கள் அங்கீகரித்த கணக்கு வேண்டும், அது சர்வீஸ் சென்டரிடம்தான் இருக்கும்.

ஆன்ட்டி ரோல்பேக் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. புதிய பதிப்பு ஏறியதும் போனுக்குள் ஒரு எண் கூடும். அதைவிடக் குறைந்த எண் உள்ள பழைய ரோமை வலுக்கட்டாயமாகப் போட்டால் போன் அங்கேயே படுத்துவிடும். 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ போன்கள் பல இப்படித்தான் போயின. பிக்சல் 6-இல் ஆண்ட்ராய்டு 13 ஏறியபின் பழைய 12-க்கு இறங்க முடியாததும் இதனால்தான். "பழைய வெர்ஷன்ல பேட்டரி நல்லா நின்னுச்சு, அதைப் போட்டுக் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணைப் பார்க்காமல் சரி சொல்லிவிடாதீர்கள்.

"ஜிபே ஓடல, பேங்க் ஆப் உள்ளேயே விடல"

போன் திருத்தப்படாமல் இருக்கிறதா என்று கூகுள் பார்க்கும் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையில் போன் தேறவில்லை. ரூட்டை மட்டும் எடுத்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். பூட்லோடர் திறந்திருப்பதே அந்தச் சோதனையில் தோற்கப் போதுமானது. மேஜிஸ்க்கில் இருந்த, ரூட்டை மறைக்கும் ஹைட் வசதி 24-ஆம் பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது இருக்கும் டினைலிஸ்ட் அந்த ஆப்புக்குள் ரூட்டை நுழைய விடாது, அவ்வளவுதான். அதற்கு மேல் டெலிகிராமில் சுற்றும் மாட்யூல்களையும் கசிந்த கீபாக்ஸ் (போன் அசல்தான் என்று நிரூபிக்கும் சாவி) ஃபைல்களையும் போட்டு ஓட்டுகிறார்கள். கூகுள் அந்தக் கீபாக்ஸை ரத்து செய்ததும் மறுபடி உடையும். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய மாட்யூலுக்கு முழு ரூட் அனுமதி கொடுத்து, அதே போனில் பேங்க் ஆப்பையும் வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. பணத்துக்குப் பூட்டிய போன் ஒன்று தனியாக இருக்கட்டும், சோதனைக்குப் பழைய போன் இருக்கட்டும்.

நெட்ஃபிளிக்ஸ் படம் மங்கலாகத் தெரிவதும் இதே வகைதான். படத்தைத் திருட்டிலிருந்து காக்கும் வைட்வைன் பாதுகாப்பு எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கிவிட்டது. பல போன்களில் ஸ்டாக் போட்டுப் பூட்டினால் திரும்ப வரும், சிலவற்றில் வராது.

"டவர் இருக்கு, கால் போகல"

என்ன சிம் என்று கேளுங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. கால் போக வோல்ட்இ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) வேலை செய்தே ஆக வேண்டும். கஸ்டம் ரோமில் வோல்ட்இ ஒட்டாவிட்டால் நெட் பறக்கும், கால் மட்டும் போகாது. அதே போனில் ஏர்டெல் சிம் போட்டால் 2ஜியில் இறங்கிக் கால் போய்விடும். "ஏர்டெல் போகுது, ஜியோ போகல" என்றாலே ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது. உங்கள் மாடலுக்கு அந்த ரோமில் வோல்ட்இ ஓடுகிறதா என்று பார்த்து, மோடம் ஃபர்ம்வேரை ரோம் கேட்கும் பதிப்புக்கு ஏற்றுங்கள்.

டவரே இல்லை என்றால் *#06# அடியுங்கள். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) வெறுமையாகவோ 0 என்றோ வந்தால், அதைச் சேமித்து வைக்கும் இஎஃப்எஸ் பார்ட்டிஷன் அடிபட்டிருக்கிறது. எல்லா பார்ட்டிஷனையும் கண்மூடித்தனமாக அழித்தவர்களுக்கு வரும் வினை இது. ரூட் கிடைத்த உடனே முதல் வேலையாக எடுத்து வைக்க வேண்டிய பேக்கப் இதுதான்: குவால்காமில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, பெர்சிஸ்ட், மீடியாடெக்கில் என்வி ரேம், என்வி டேட்டா. கைரேகை, சென்சார் வேலை செய்யாமல் போவதும் பெரும்பாலும் பெர்சிஸ்ட் போனதால்தான். பேக்கப் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் முழு ஸ்டாக் போட்டுப் பாருங்கள், அதற்கும் வராவிட்டால் சர்வீஸ் சென்டர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "வேற ஐஎம்இஐ எழுதிக் குடுத்துடறேன்" என்று சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி அதைத் திருத்துவது குற்றம்; 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். எழுதிக் கொடுத்தவர் மட்டும் மாட்டுவார் என்று நம்பி இருக்க வேண்டாம். டப்பாவிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு போனில் உள்ளது பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த மாடலுக்கு உரிய எண் என்று பதில் வரும். பழைய போன் வாங்கும்போதும் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

"ரூட் பண்ணப்புறம் அப்டேட் ஏறமாட்டேங்குது"

மேஜிஸ்க் ஆப்பில் அன்இன்ஸ்டால் போய் 'ரிஸ்டோர் இமேஜஸ்' கொடுங்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படியே அப்டேட்டை ஏற்றி, அது ரீஸ்டார்ட் கேட்கும்போது கொடுக்காமல் மேஜிஸ்க்குக்குத் திரும்பி 'இன்ஆக்டிவ் ஸ்லாட்டில் நிறுவு' என்பதைத் தட்டி, அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது ஏ, பி ஸ்லாட் உள்ள போன்களுக்கு மட்டும்.

"சர்வீஸ் சென்டருக்குப் போகணும், எல்லாத்தையும் பழையபடி ஆக்கணும்"

பிக்சலில் கூகுளின் ஃபிளாஷ் கருவியை பிரவுசரிலேயே திறந்து, முழு ஸ்டாக்கையும் போட்டு, 'லாக் பூட்லோடர்' பெட்டியைத் தேர்வு செய்தால் ஆரஞ்சு எச்சரிக்கை மறைந்து போன் பழையபடி ஆகிவிடும். சாம்சங்கில் ஓடினில் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்ற நான்கு ஃபைலையும் போட வேண்டும். டேட்டா வேண்டுமென்றால் சிஎஸ்சிக்குப் பதில் ஹோம் சிஎஸ்சி. ஆனால் முன்பே சொன்னபடி, அந்த 1 என்பது 1-ஆகவே இருக்கும். மோட்டோரோலாவில் அன்லாக் கோடு வாங்கும்போதே வாரண்டி போகும் என்று ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறீர்கள். எந்த போனுக்குக் கோடு கொடுத்தார்கள் என்பது அவர்களிடம் இருக்கும், திரும்பப் பூட்டியும் பயனில்லை.

பூட்டும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கஸ்டம் ரோமோ ரூட்டோ இருக்கும்போது பூட்டினால் சிவப்பு எச்சரிக்கையோடு போன் நின்றுவிடும். முழு ஸ்டாக், அதை ஒரு முறை ஆன் செய்து உள்ளே போய்ப் பார்த்த பிறகே பூட்டு. ஷாவ்மியில் இன்னொரு பொறி உண்டு. சீனாவில் விற்ற போனில் குளோபல் ரோம் போட்டுப் பூட்டினால், இந்த ரோமை இந்த போனில் போட முடியாது என்று சொல்லி எழவே எழாது. காந்தி ரோட்டிலோ ஆன்லைனிலோ மலிவாகக் கிடைத்த ரெட்மி என்றால் டப்பாவில் எந்த நாட்டு மாடல் என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம், கம்பெனி திணித்த ஆப்களை எடுத்தால் போதும், கொஞ்சம் உள்செட்டிங் மாற்றினால் போதும் என்பவர்கள்தான் உண்மையில் அதிகம். அவர்களுக்கு ரூட்டே தேவையில்லை. யூஎஸ்பி டீபக்கிங் போட்டு, ஏடிபியில் யூசர் 0-க்கு மட்டும் அந்த ஆப்பை நீக்கும் கட்டளை கொடுத்தால் போதும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் அது திரும்ப வந்துவிடும், சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது வேண்டியதும் அதுதான். ஆண்ட்ராய்டு 11-ஓ அதற்கு மேலோ என்றால் ஷிசுக்கு ஆப்பை வயர்லெஸ் டீபக்கிங்கோடு இணைத்துக் கம்ப்யூட்டரே இல்லாமல் செய்யலாம். பூட்லோடரும் திறக்கவில்லை, ஃபியூஸும் எரியவில்லை, ஜிபேயும் ஓடும். வாரண்டியில் இருக்கும் எந்த போனுக்கும் நான் சொல்வது இது ஒன்றைத்தான். ரூட்டுக்கு ஆசை இருந்தால் வாரண்டி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

"ரூட் பண்ணிருக்கு, பார்க்கவே முடியாதுன்னு சொல்லிட்டாங்க"

யூடியூபில் "ரூட் செய்தால் வாரண்டி போகாது, சட்டம் இருக்கிறது" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன் மாஸ் சட்டம். வேலூரில் அது செல்லாது. ரூட் செய்தாலும் வாரண்டி நிற்கும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. வாரண்டி அட்டையில் உள்ள நிபந்தனைதான் ஒப்பந்தம்.

ஆனாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சார்ஜிங் போர்ட் கழன்றதற்கும் டிஸ்ப்ளேயில் பச்சைக் கோடு விழுந்ததற்கும் மென்பொருள் காரணம் அல்ல என்று வாதிட இடம் இருக்கிறது. மறுத்தால் வாயால் சொல்லவிட்டு வந்துவிடாதீர்கள். ஜாப் ஷீட்டில் என்ன கோளாறு, ஏன் மறுக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். ரூட் செய்ததை மறைத்துப் பேசவும் வேண்டாம். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனியின் அலுவலகம் பெங்களூரிலோ குர்கானிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கோளாறு வந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்; பில், ஜாப் ஷீட், அவர்கள் அனுப்பிய மெயில் மூன்றையும் ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.